தியூ நம்பிய கடிதங்கள்

வணக்கம் நேயர்களே. ஒரு வல்லரசை நம்பி ஒரு சின்ன அரசு போரில் இறங்கினால் என்ன ஆகும் என்று யார் கேட்டாலும் நான் தென் வியட்நாமைத்தான் சொல்வேன், இன்றும் அதுதான்.

1972 அக்டோபரில் அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிசிங்கர் தெற்கின் தலைநகர் சைகோனுக்கு வந்து, எதிரியான வடக்கு வியட்நாமுடன் பேசி முடித்த அமைதி ஒப்பந்த வரைவைத் தென் வியட்நாம் அதிபர் தியூவிடம் நீட்டுகிறார். போர் நடப்பது தியூவின் மண்ணில். ஆனால் அந்த ரகசியப் பேச்சில் அவருடைய ஆள் ஒருவர்கூட இல்லை. அமெரிக்கப் படை 60 நாளில் கிளம்பிவிடும், தெற்கே ஏற்கெனவே புகுந்துவிட்ட வடக்குப் படை வெளியேற வேண்டும் என்று மட்டும் ஒரு வரியும் கிடையாது. யார் ஒத்துக்கொள்வார்? தியூ முடியாது என்றார், ஒப்பந்தமும் சில மாதம் தள்ளிப்போனது. சார்ந்திருப்பவருக்கும் ஒரு பிடி உண்டு, அவர் கையெழுத்து தேவைப்படும் வரைக்கும்.

அப்புறம்தான் அந்தக் கடிதங்கள், நான் திரும்பத் திரும்பப் படிப்பவை. 1972 நவம்பரிலும் 1973 ஜனவரி தொடக்கத்திலும் நிக்சன் தியூவுக்கு எழுதுகிறார்: வடக்கு ஒப்பந்தத்தை மீறினால் முழு பலத்தோடு பதிலடி கொடுப்போம். அதே ஜனவரி நடுவில் இன்னொரு கடிதம்: நீங்கள் வராவிட்டால் நான் தனியாகவே கையெழுத்திடுவேன், உதவியும் நின்றுபோகும். வாக்குறுதியும் மிரட்டலும் ஒரே பேனாவிலிருந்து, சில நாள் இடைவெளியில்! தியூ பணிந்தார், ஜனவரி 27 அன்று பாரிஸில் கையெழுத்தாயிற்று.

சரி, அந்த வாக்குறுதி யாருடையது? நிக்சனுடையது. அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் கொடுக்கவில்லை, அந்தக் கடிதங்களையே பார்க்கவில்லை. தங்கள் அனுமதி இல்லாமல் 1973 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தோசீனாவில், அதாவது வியட்நாம், லாவோஸ், கம்போடியாவில், போர் நடவடிக்கையே கூடாது என்று அவர்கள் சட்டம் போட்டுவிட்டார்கள். மறு ஆண்டு நிக்சனே பதவி விலகிவிட்டார். தியூவிடம் மிஞ்சியது காகிதம். ஓர் அதிபரின் சொல்லை ஒரு நாட்டின் சொல்லாக எடுத்துக்கொண்டார் அவர், எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான். அவருடைய அமைச்சர் ஒருவர் வாஷிங்டனில் அந்தக் கடிதங்களைப் பத்திரிகையாளர்கள் முன் வெளியிட்ட நாள் 1975 ஏப்ரல் 30. சைகோன் விழுந்ததும் அன்றுதான்.

ஆப்கானிஸ்தானைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், 5,000 கைதிகள் வரை விடுவிக்கப்படுவார்கள் என்று இருந்தது. அந்தக் கைதிகளை வைத்திருந்தது காபூல் அரசு. காபூல் அரசு அதில் கையெழுத்திடவே இல்லை. நன்றி, வணக்கம்.