கடைசல் சட்டியில் காலிஃபிளவர்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், வேலூர் வெயிலைப் பொறுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

உருளைக்கிழங்கு மசியலின் இடத்தைக் காலிஃபிளவர் பிடிக்குமா என்பது தலைப்பு. பிடிக்கும் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மா, "அது நம்ம ஊர்க் காயா? மசித்தால் தண்ணியாக நிற்கும், வாயில் வைக்க முடியாது" என்றார்.

நம்ம ஊர்க் காய் இல்லைதான். 1822இல் வடக்கே உத்தரப் பிரதேசத்துச் சகாரன்பூர்த் தோட்டத்துக்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த விதை அது. சரி, உருளைக்கிழங்கு மட்டும் பாலாற்றங்கரையில் முளைத்ததா? அதுவும் தென் அமெரிக்க மலையிலிருந்து கப்பலேறி வந்ததுதானே!

ஆனால் கடைவது நம்முடையது, ஐயா. இந்த வடஆற்காட்டுப் பக்கம் கத்தரிக்காய்க் கடைசலும் கீரைக் கடைசலும் வைக்காத வீடு உண்டா? காயை வேகவைத்து, சட்டியில் மத்தைப் போட்டுக் கடைந்து, தாளித்துக் கொட்டுகிற கை நம் கை. அந்தக் கைக்குக் காலிஃபிளவர் இன்னொரு காய், அவ்வளவுதான்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை. உருளைக்கிழங்கு மசியல் என்றால் அவருக்கு உயிர். சோற்றின் பக்கத்தில் இன்னொரு குவியல் மாவுச்சத்து! 100 கிராம் வேகவைத்த உருளைக்கிழங்கில் மாவுச்சத்து சுமார் 20 கிராம், 87 கலோரி. அதே எடை வேகவைக்காத காலிஃபிளவரில் 5 கிராம், 25 கலோரி. வைட்டமின் சியும் தாராளம். சோற்றை விடச் சொன்னால் அப்பா விடமாட்டார். தொட்டுக்கொள்வதை மாற்றினேன்.

முதல் நாள் தோற்றேன், ஒத்துக்கொள்கிறேன். உருளைக்கிழங்கைப் போலவே தண்ணீரில் மூழ்கவிட்டு வேகவைத்தேன், கூழாகிவிட்டது. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தினார். காரணம் இதுதான்: உருளைக்கிழங்கின் மாவு வேகும்போது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். காலிஃபிளவரில் அந்த மாவு கிடையாது, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரை நாம்தான் வெளியே அனுப்ப வேண்டும்.

மறுநாள், பூவைப் பிரித்து, மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் போட்டேன்; புழு இருந்தால் வந்துவிடும். பிறகு இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்தேன். தண்டு விரலால் நசுங்க வேண்டும், அதுதான் பதம். அப்புறம் சூடு தணிந்ததும் வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர்! அதன் பிறகு மத்து. வாணலியில் கொஞ்சம் எண்ணெய், கடுகு, சீரகம், பூண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். கடைந்ததைக் கொட்டி ஈரம் சுண்டக் கிளறினால், கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்கும். பூண்டும் சீரகமும் ஏறிய பிறகு சப்பென்று இருப்பதற்கு வழியே இல்லை. அப்பா இரண்டாம் முறை கேட்டார்.

நியாயமாகவும் பேச வேண்டும். ராணிப்பேட்டைத் தோல் பட்டறையில் நாளெல்லாம் நின்று உழைக்கிறவருக்கும், ஓடி விளையாடுகிற பிள்ளைக்கும் உருளைக்கிழங்கு தாராளமாகப் போகட்டும், அதில் பொட்டாசியமும் அதிகம். காலிஃபிளவர் சிலருக்கு வாயு பிடிக்கும். பெருங்காயத்தோடு இஞ்சியும் சேர்த்து, முதலில் இரண்டு கரண்டியோடு நிறுத்திப் பாருங்கள். ஆனால் சர்க்கரையும் எடையும் ஏறிக்கொண்டே போகிற வீடுகளில், தினமும் மதியம் அந்த இடம் காலிஃபிளவருக்குத்தான் என்பது என் கட்சி.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே ஒரு வார்த்தை. துணியில் பிழிந்த அந்த ஒரு டம்ளர் தண்ணீரைக் கீழே கொட்டிவிடாதீர்கள். ரசத்தில் ஊற்றுங்கள். வணக்கம்.