கையில் இருந்து கலைக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

தொழில் வட்டாரத்தில் பிறந்த கலை என்றதும் புகைபோக்கி, சங்கு, வேலைநிறுத்தம் என்று கதைப்பொருளைத்தான் தேடுகிறோம். ஆனால் அந்த ஊரின் வேலை, கலையைச் செய்யும் விதத்துக்குள்ளும் புகுந்துவிடுகிறது. எனக்கு அதுதான் சுவாரசியம்.

இரும்பாலும் உலோக வேலையாலும் வளர்ந்த ஊர், இங்கிலாந்தின் பர்மிங்காம். அங்கே 1965இல் கிட்டார் வாசிக்கும் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன், தகடு வேலை செய்யும் ஆலையில் கடைசி நாள் வேலைக்குப் போனான். அன்று இயந்திரம் அவன் வலது கையில் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவன் இடது கைப்பழக்கம் உள்ளவன். கிட்டார் தந்தியை அழுத்த வேண்டியதே வலது கைதான். ஆலையின் மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். அதில் கிட்டார் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். தீக்காயத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்தவர்.

அப்புறம் அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மேலே பதனிட்ட தோல் துண்டும் ஒட்டினார். மெல்லிய தந்திகளை மாட்டினார். பின்னாளில் சுருதியையும் இறக்கினார். தந்தி தளர்ந்தால் அழுத்துவது சுலபம். அவர் வாசித்த ‘பிளாக் சபாத்’ ராக் இசைக்குழுவின் அந்தக் கனத்த ஒலியில் இதற்கெல்லாம் பெரிய பங்கு உண்டு. பாட்டு எதைப் பற்றி இருந்தாலும் சரி, ஆலை அதில் கேட்கிறது.

பெல்ஜியத்தில் செரேன் என்ற ஊரில் 1817இல் ஜான் காக்கரில் இரும்பாலை தொடங்கினார். அந்த வட்டாரத்தில் வளர்ந்த டார்டென் சகோதரர்கள் முதலில் தொழிலாளர்களைப் பற்றி ஆவணப்படங்கள் எடுத்தார்கள். கதைப்படத்துக்கு வந்தபோது ஆலைகள் சுருங்கியிருந்தன. அதனால் அவர்களுடைய கேமரா உலைகளை விட்டு, வேலை தேடி ஓடும் பெண்ணின் முதுகுக்குப் பின்னாலேயே போகிறது. 1999இலும் 2005இலும் கேன் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருது அவர்களுக்குக் கிடைத்தது.

எழுத்தில், ஆர்னால்ட் பென்னட். இங்கிலாந்தின் பீங்கான் வட்டாரத்துக்காரர். பாரிஸில் குடியிருந்துகொண்டு, தன் ஊர்க்காரர்களின் வாழ்க்கையைக் கடைக்கணக்கும் வாடகையுமாக எழுதினார். அங்கே இருப்பது ஆறு ஊர்கள். கேட்க நன்றாக இருக்கிறது என்று அவர் ‘ஐந்து ஊர்கள்’ ஆக்கி, ஃபென்டனை விட்டுவிட்டார். ‘பென்னட் மறந்த ஊர்’ என்ற பெயர் ஃபென்டனுக்கு ஒட்டிக்கொண்டது. நான் ஃபென்டன்காரனாக இருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும்.