அமெரிக்க அதிபர்களுக்கு மார்க் போடுறது யாரு?

[திரையில்: ஐசனோவர், 1962]

1962. ஐசனோவர் வெள்ளை மாளிகையைக் காலி பண்ணி ஒன்றரை வருஷம்தான் ஆகுது. வரலாற்றுப் பேராசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர், 75 அறிஞர்கள்கிட்ட அதிபர்களைத் தரம் பிரிக்கச் சொல்லிக் கேட்கிறார். முதலிடம் லிங்கன். ஐசனோவர்? 31 பேர்ல இருபதுக்கும் பின்னாடி.

இங்கதான் ஒரு சங்கதி. பேராசிரியரோட மகன், அவர் பேரும் ஆர்தர்தான், அப்போ கென்னடிக்கு ஆலோசகர். அதுக்கு முன்னாடி, குடியரசுக் கட்சிக்காரரான ஐசனோவரை எதிர்த்து ரெண்டு தடவை நின்னு தோத்த ஜனநாயகக் கட்சி ஸ்டீவன்சனுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவர். இதை வெச்சு அப்பா சதி பண்ணிட்டார்னு சொல்ல முடியாது. ஆனா மார்க் போட்டவங்க எந்தக் காற்றைச் சுவாசிச்சாங்கன்னு தெரியுது. பின்னாடி ஆவணங்கள் வெளிய வர வர, கோல்ஃப் ஆடிட்டே காலத்தை ஓட்டினார்னு நினைச்ச மனுஷன் திரைக்குப் பின்னாடி எவ்வளவு காய் நகர்த்தினார்னு புரிஞ்சுது. சி-ஸ்பான்ங்கிற அமெரிக்க டிவி, வரலாற்றாளர்கள்கிட்ட கேட்டு 2017-ல போட்ட பட்டியல்ல அவர் 5-வது.

[திரையில்: ரீகன், 25 / 8]

1996-ல மகன் ஆர்தர் அதே கணக்கெடுப்பை மறுபடி நடத்தினார். கேட்டது 32 பேரை. அதுல மரியோ குவோமோ, பால் சைமன்னு ரெண்டு ஜனநாயகக் கட்சி அரசியல்வாதிங்க! குடியரசுக் கட்சி ரீகனுக்கு 25-வது இடம். நாலு வருஷம் கழிச்சு, வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையும், ஃபெடரலிஸ்ட் சொசைட்டிங்கிற வலதுசாரி வழக்கறிஞர் அமைப்பும் இடது (ஜனநாயகக் கட்சி), வலது (குடியரசுக் கட்சி) ரெண்டு பக்கமும் சமமா இருக்கிற மாதிரி 78 அறிஞர்களைப் பிடிச்சுக் கேட்டாங்க. ரீகன் 8-வது. இடையில ரீகன் புதுசா எதுவும் செஞ்சிடல. கேட்கப்பட்ட ஆட்கள்தான் மாறினாங்க.

ஆனா அந்த 2000 பட்டியலோட முதல் மூணு இடத்தைப் பாருங்க: வாஷிங்டன், லிங்கன், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். வலதுசாரிகளுக்கு ஆகவே ஆகாத ரூஸ்வெல்ட்டுக்கும் 3-வது இடம். கட்சிச் சாயம் ஒட்டுறது பெரும்பாலும் நம்ம கண்ணு முன்னாடி ஆண்டவங்க மேலதான்.

2024-ல 154 அறிஞர்கள்கிட்ட எடுத்த கணக்கும் அதையேதான் சொல்லுது. பைடனுக்கு ஜனநாயகக் கட்சிச் சார்புள்ளவங்க கொடுத்தது 13-வது இடம், குடியரசுக் கட்சிச் சார்புள்ளவங்க கொடுத்தது 30-வது இடம். டிரம்ப் மொத்தத்துல கடைசி, 45. அவரோட சொந்தக் கட்சிச் சார்பு அறிஞர்களே 41-க்கு மேல ஏத்தல. எல்லாம் இடதுசாரி வேலைன்னு சொல்றவங்க இந்த 41-க்குப் பதில் சொல்லணும்.

[திரையில்: வில்சன், கிராண்ட், ஜாக்சன்]

கட்சியை விடப் பலமான சார்பு ஒண்ணு இருக்கு: மார்க் போடுற காலத்தோட மனசு. அரசு அலுவலகங்கள்ல கறுப்பினத்தவரைத் தனியாப் பிரிக்க விட்ட வில்சன், ஜனநாயகக் கட்சிக்காரர். சி-ஸ்பான்ல 2000-ல 6, 2021-ல 13. கறுப்பினத்தவரைத் தாக்கின கு கிளக்ஸ் கிளான்ங்கிற வெள்ளை இனவெறிக் கும்பலை ஒடுக்கின கிராண்ட், குடியரசுக் கட்சி. 33-லிருந்து 20-க்கு ஏறிட்டார். பூர்வகுடிகளை அவங்க மண்ணை விட்டு விரட்டின ஆண்ட்ரூ ஜாக்சன் 13-லிருந்து 22-க்கு இறங்கினார். ஜனநாயகக் கட்சிக்கே மூலவர் மாதிரி இருந்தவர் அவர். அவர் பேர்ல வருஷா வருஷம் நிதி திரட்டுற விருந்து வைப்பாங்க. 2015-லிருந்து பல மாநிலங்கள்ல அந்தக் கட்சிக்காரங்களே விருந்துலேர்ந்து அவர் பேரைத் தூக்கிட்டாங்க.