பழம் நீட்டும் கை

தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, தன் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த வாசகர் வட்டச் செயலாளருக்குத் தனியாக ஒரு நன்றி.

திரையில் தெரிவது ஆங்கிலேய ஓவியர் ஜான் எவரெட் மில்லே வரைந்து, 1851-இல் லண்டன் ராயல் அகாதமியில் காட்சிக்கு வைத்த ‘விறகுவெட்டியின் மகள்’. இதில் கை, மரம், நிறம் என்று மூன்றைப் பற்றிப் பேசப்போகிறேன்.

முதலில் கை. சிவப்பு உடுப்புப் போட்ட பண்ணையார் வீட்டுப் பையன் மரத்தில் சாய்ந்தபடி, கையை விறைப்பாக நீட்டி ஸ்ட்ராபெரி கொடுக்கிறான். ஓர் அடி முன்னால் வரவில்லை. அந்தச் சிறுமி இரண்டு கையையும் குவித்து வாங்குகிறாள். பின்னால் அவள் அப்பா மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார். ஆங்கிலக் கவிஞர் கவென்ட்ரி பேட்மோரின் கவிதையில் வரும் கதை இது. வளர்ந்தபின் அவள் அவனுடைய பிள்ளையைப் பெறுகிறாள், கல்யாணம் நடக்காது, பிள்ளையைக் குளத்தில் மூழ்கடித்துப் புத்தி பேதலிக்கிறாள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்களே, அந்த முளையைத்தான் மில்லே வரைந்திருக்கிறார். இது கள்ளமற்ற நட்பு என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நட்பில் கை இப்படி விறைக்காது.

அந்தப் பழத்தின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். மில்லேக்கு அப்போது 21 வயது. காட்டை வரைய ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் போனார். சிறுமியின் காலுக்குக் கிராமத்துப் பிள்ளை போட்டுத் தேய்ந்த பூட்ஸ் வேண்டும் என்று தெரிந்த அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். எல்லாம் சரி, பழத்துக்கு எங்கே போவது? மார்ச் மாதம். இங்கிலாந்தில் ஸ்ட்ராபெரி பழுப்பது கோடையில். ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவருக்கு மனம் ஒப்பவில்லை. கோவென்ட் கார்டன் சந்தையில் நாலே நாலு பழம் வாங்கினார். விலை ஐந்து ஷில்லிங் ஆறு பென்ஸ்! அந்த வயதில் அவருக்கு அது பெரிய தொகை. பார்த்துப் பார்த்து வரைந்து முடித்தபின், அவரும் நண்பர் சார்லஸ் காலின்ஸும் அவற்றை ருசித்துத் தின்றார்கள்.

இந்தப் பிடிவாதம் சும்மா வராது. 11 வயதிலேயே அவரை ராயல் அகாதமி ஓவியப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும்தான். ஆனால் குனிந்து பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? அவருக்கு அம்மா இருந்தார். நம் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு யார்? 2012-இல் ஓவியத்துக்கும் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். அப்போது மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் எத்தனை முறை உட்கார்ந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்புறம், வாரத்தில் வரும் ஓர் ஓவிய வகுப்பையும் கணக்குப் பாடம் வாங்கிக்கொள்கிறது. தலைமையாசிரியர் அம்மா கோபிக்கக் கூடாது. உங்கள் கையில் ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மரத்தையும் நிறத்தையும் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். ஒவ்வொரு பள்ளிக்கும் முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும் என்ற மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஊராட்சி மன்றத் தலைவர் முதல் கையெழுத்தைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பின்னால் நாம் எல்லோரும் போடுவோம்.