நொடிப்பு ஒழுங்குமுறையாளர்களின் பன்னாட்டுச் சங்கத்தில் இணைதல்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு நாட்டின் நொடிப்பு ஒழுங்குமுறை அமைப்பு, அத்தகைய அமைப்புகளின் பன்னாட்டுச் சங்கத்தில் இணைவதால் என்ன பயன் என்பதே இன்றைய பேச்சு.

வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் ஒரு நிறுவனமோ தனிமனிதரோ நொடித்துப்போகும்போது, எஞ்சிய சொத்துகளைக் கணக்கெடுத்து, விற்று, கடன் கொடுத்தவர்களுக்குச் சட்டம் வகுத்த வரிசைப்படி பங்கிடும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. கலைப்பாளர், பொறுப்பாளர், தீர்வு வல்லுநர் என்று நாட்டுக்கு நாடு அவர் பெயர் மாறும். பிறருடைய பணத்தைக் கையாளும் அவர், தமது ஊதியத்தையும் பெரும்பாலும் அந்தப் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறார் என்பதால், அவருக்கு உரிமம் வழங்கவும், கணக்கைச் சரிபார்க்கவும், தவறினால் நடவடிக்கை எடுக்கவும் அரசின் கண்காணிப்பு அவசியமாகிறது.

இந்தக் கண்காணிப்பு அமைப்புக்கு ஒரு தனிமை உண்டு. ஒரு நாட்டில் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் பலர் இருப்பதால், அவர்கள் தங்களுக்குள் கலந்து பேச முடிகிறது. நொடிப்பு ஒழுங்குமுறை அமைப்போ பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். தன் நடைமுறை சரியானதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது எல்லைக்கு வெளியேதான் துணை தேட வேண்டும். 1995ஆம் ஆண்டு ஹாங்காங்கில் நொடிப்பு ஒழுங்குமுறையாளர்களின் பன்னாட்டுச் சங்கம் உருவானதை நான் இந்தத் தேவையோடு இணைத்தே பார்க்கிறேன். தொழில்முறை வல்லுநர்களுக்கும் சட்டம் இயற்றுவோருக்கும் வேறு மன்றங்கள் இருக்க, இது அரசுக் கண்காணிப்பாளர்களுக்கென அமைந்த மன்றம்.

ஒப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. கனடாவில் நொடிப்புக் கண்காணிப்பாளர் அலுவலகமே பொறுப்பாளர்களுக்கு நேரடியாக உரிமம் வழங்குகிறது. பிரிட்டனில் உரிமம் வழங்கும் வேலையைத் தொழில்முறை அமைப்புகள் செய்ய, அரசின் நொடிப்புச் சேவை நிறுவனம் அந்த அமைப்புகளை மேற்பார்வை செய்கிறது. அதே நிறுவனத்தின் அதிகாரிகள் பல வழக்குகளில் தாங்களே சொத்துகளையும் நிர்வகிக்கிறார்கள். அமெரிக்காவில் இப்பணியின் பெரும்பகுதி நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் தனிமனிதர் நொடிப்பை ஓர் அமைப்பும் நிறுவனங்களின் கலைப்பாளர்களை மற்றோர் அமைப்பும் கவனிக்கின்றன. 2016 அக்டோபர் 1 அன்று நிறுவப்பட்ட இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம், தொழில்முறை முகமைகளையும் இடையில் வைத்துக்கொண்டு வல்லுநர்களை ஒழுங்குபடுத்துகிறது. இவற்றுள் எது சிறந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் உரிமம் தருபவரே விசாரணையும் நடத்தினால் என்ன நேர்கிறது, அந்தப் பணிகளைப் பிரித்தால் எங்கே இடைவெளி விழுகிறது என்பதை, இரண்டையும் நடத்திப் பார்த்தவர்களிடமே கேட்டறிய முடியும்.

இணைவதால் சட்டம் மாறிவிடும் என்ற எண்ணம் தவறு. இச்சங்கம் ஒப்பந்தக் கடமைகளைச் சுமத்தும் அமைப்பன்று. எல்லை தாண்டிய வழக்குகளைத் தீர்ப்பதும் அதன் வேலையன்று. 1991இல் பிரிட்டனின் மேக்ஸ்வெல் ஊடகக் குழுமம் சரிந்தபோது, நியூயார்க்கிலும் லண்டனிலும் ஒரே நேரத்தில் நடைமுறைகள் தொடங்கின. இரு நீதிமன்றங்களின் ஒப்புதலோடு ஓர் ஒத்துழைப்பு ஏற்பாடு செய்யப்பட்டது. 1997இல் ஐக்கிய நாடுகளின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் அத்தகைய வழக்குகளுக்கென மாதிரிச் சட்டத்தை ஏற்றது. அது நீதிமன்றங்களின் வழி. சங்கத்தின் வழி அனுபவப் பகிர்வு: ஆண்டுதோறும் கூட்டம், தகவல் பரிமாற்றம், வல்லுநர்களை ஒழுங்குபடுத்துவதற்கான நெறிகள். எனினும், எல்லையின் மறுபக்கத்தில் யாரை அழைப்பது என்று முன்பே தெரிந்திருப்பது நெருக்கடி நேரத்தில் சிறிய உதவியன்று.

வெளிநாட்டுப் பயணத்துக்கு இது ஒரு சாக்கு என்று ஐயுறுவோரின் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். தலைவர் மட்டும் சென்று சாதனை அறிக்கை வாசித்துத் திரும்பினால் அந்த ஐயம் நியாயமே. புகார்களை நாள்தோறும் விசாரிக்கும் அலுவலர்களையும் அனுப்ப வேண்டும். தோற்றுப்போன விசாரணையையும், தாமதமாகக் கண்டுபிடித்த கையாடலையும் மறைக்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும். முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: சிறு தொகையைக் கடனாகக் கொடுத்துவிட்டு வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத ஒருவர், நிலுவைக் கூலிக்காகக் காத்திருக்கும் ஒரு தொழிலாளி, கலைப்பாளரின் ஊதியக் கணக்கு மிகையானது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், உங்கள் நாட்டில் அந்தத் தாள் யாருடைய மேசைக்குப் போகிறது, எத்தனை நாளில் அவருக்குப் பதில் கிடைக்கிறது?

நன்றி, வணக்கம்.