கையில் இருந்ததே கைகொடுத்தது

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

"2024-இல் மக்களுக்கு அதிகம் பயன்பட்டது புதிதாக வந்த சாதனமா, ஏற்கெனவே கையில் இருந்த சாதனமா?" இதுதான் இன்றைய தலைப்பு. கையில் இருந்ததுதான் என்று நான் பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் ஏஐ பின், ரேபிட் ஆர்1, விஷன் புரோ என்று மூன்றை வரிசையாகச் சொல்லி, "இவைதான் அந்த ஆண்டின் அடையாளம்" என்றார். முதல் இரண்டும் செயற்கை நுண்ணறிவில் இயங்கும் சின்னக் கருவிகள், மூன்றாவது முகத்தில் மாட்டிக்கொள்ளும் ஆப்பிள் கணினி. அந்த மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் அவர் வாயே திறக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஏர்பாட்ஸ் புரோ 2 என்ற இயர்பட்டை ஆப்பிள் விற்பனைக்கு விட்டது 2022-இல். வாங்கியவர்கள் பாட்டுக் கேட்கவும் போன் பேசவும் வாங்கினார்கள். 2024 செப்டம்பர் 12 அன்று, அதில் ஓடும் ஒரு மென்பொருளைக் காது கேட்கும் கருவியாக அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ அங்கீகரித்தது. மருத்துவர் சீட்டு இல்லாமலே பயன்படுத்தும் காது கருவியாக ஒரு மென்பொருளுக்கு அது அனுமதி கொடுத்தது அதுவே முதல் முறை. 118 பேரை வைத்து நடந்த ஆய்வில், கருவியைத் தங்கள் காதுக்கு ஏற்பத் தாங்களே சரிசெய்துகொண்டவர்களும் நிபுணரிடம் சரிசெய்துகொண்டவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு பலன் கிடைத்ததாக உணர்ந்தார்கள். அக்டோபர் கடைசியில் அப்டேட் வந்தது. கூடுதல் காசு கேட்கவில்லை.

முதலில் காது எவ்வளவு கேட்கிறது என்று இயர்பட்டை வைத்தே சோதிக்கலாம். அந்தச் சோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? அமைதியான அறையில் உட்கார வேண்டும். இயர்பட் காதில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளும். அப்புறம் ஒரு காதில் மெல்லிய 'பீப்' ஒலி. கேட்டால் திரையைத் தட்ட வேண்டும். கட்டை ஒலி, கீச்சொலி என்று மாறி மாறி வரும். ஒரு காது முடிந்ததும் மறு காது. சுமார் ஐந்து நிமிடம்தான். எந்த ஒலி எந்தக் காதில் எவ்வளவு மந்தம் என்று வரைபடம் கைக்கு வந்துவிடும். அதற்கு ஏற்றபடி, எதிரில் பேசுகிறவர் குரலை இயர்பட் கூட்டிக் கொடுக்கும்.

காது மந்தமான எத்தனையோ பேர் கருவி வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம். பேச்சு புரியாமல் சும்மா தலையாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சிலிருந்தே ஒதுங்கிப் போகிறார்கள். இயர்பட் வைத்திருப்பவரை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. நடுவர் அவர்களே, எனக்கு இது பெரிய விஷயம்.

குறை இல்லையா? இருக்கிறது. ஐபோனோ ஐபேடோ வேண்டும். ஒரு சார்ஜ் ஆறு மணி நேரம்தான் தாங்கும். லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்குத்தான் இது. அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இன்னொன்று. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன், டேப்லெட், கேமரா எல்லாவற்றுக்கும் யூஎஸ்பி-சி என்ற ஒரே வகை சார்ஜ் துளை கட்டாயம். வீட்டில் கிடக்கும் சார்ஜரே போதும்.

"கையில் இருப்பதை அப்டேட் கெடுத்த கதை தெரியாதா?" என்று எதிரணியிலிருந்து ஒரு குரல் கேட்டது. தெரியும். 2024 மே மாதம் ஸ்பீக்கர் நிறுவனமான சோனோஸ், அவற்றை இயக்கும் தன் போன் ஆப்பை மாற்றியது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர்களில் அலாரத்தை மாற்றுவது உட்படப் பல வசதிகள் காணாமல் போயின. நிறுவனத் தலைவரே மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டின் மோசமானவற்றில் அதையும் நான் சேர்க்கிறேன். ஆனால் அது எங்கள் வாதத்தை உடைக்கவில்லை. மக்கள் கொதித்தது ஏன்? தினமும் கைகொடுத்த பொருள் அது.

இப்போது அந்த மூன்று. விஷன் புரோவின் திரை அற்புதம், ஒப்புக்கொள்கிறேன். 3,499 டாலர் கொடுத்து 600 கிராமுக்கு மேல் முகத்தில் சுமக்க எத்தனை பேரால் முடியும்? ரேபிட் ஆர்1 விற்பனைக்கு வந்த சில நாளிலேயே, அதன் மென்பொருளைச் சாதாரண ஆண்ட்ராய்டு போனில் ஓட்டிக் காட்டிவிட்டார்கள்.

ஏஐ பின்தான் என்னை வருத்தியது. சட்டையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. உள்ளங்கையை நீட்டினால் லேசர் ஒளியில் பச்சை எழுத்து விழும். வெயிலில் அது தெரிவதே சிரமம். விலை 699 டாலர், அதற்கு மேல் மாதம் 24 டாலர் சந்தா. ஏப்ரலில் வந்தது. ஜூனில் சார்ஜ் பெட்டி தீப்பிடிக்கலாம், பயன்படுத்தாதீர்கள் என்று அதைச் செய்த ஹியுமேன் நிறுவனமே சொன்னது. 2025 பிப்ரவரி 28-இல், அதை இயக்கிவந்த சர்வரை நிறுத்திவிட்டார்கள். பேட்டரி அளவைச் சொல்வது போன்ற ஒன்றிரண்டு வேலை மட்டும் மிச்சம். பொருள் அனுப்பி 90 நாள் தாண்டாதவர்களுக்குத்தான் பணம் திரும்பக் கிடைத்தது. முதலில் நம்பி வாங்கியவர்களுக்கு ஒன்றும் இல்லை!

"புதுசை யாரும் வாங்காவிட்டால் பழசு எங்கிருந்து வரும்?" என்று கேட்பீர்கள். புதுசு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த இயர்பட்டும் ஒரு நாள் புதுசுதான். ஆனால் வாங்கிய அன்றே பாடியது, கொடுத்த காசுக்கு அன்றே வேலை செய்தது. ஏஐ பின்னை வாங்கியவர்கள் காசு கொடுத்தது இனிமேல் வரும் என்ற வாக்குறுதிக்கு.

அந்த வாக்குறுதியும் எத்தனை நாளைக்கு? மாக்ஸி என்று ஒரு ரோபோ, 799 டாலர், சின்னக் குழந்தைகளோடு பேசிப் பழகுவதற்காகவே செய்தது. 2024 டிசம்பரில் பண நெருக்கடியால் மூடப்போகிறோம் என்றது நிறுவனம். இனி மாக்ஸி பேசாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வேலை பெற்றோர் தலையில் விழுந்தது. அதே 2024 ஜனவரியில் சாம்சங் தன் எஸ்24 போனுக்கு ஏழு ஆண்டு அப்டேட் தருவோம் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்றது. போனுக்கு இத்தனை ஆண்டு என்று சொல்லி விற்க முடியும்போது, குழந்தை கையில் கொடுக்கும் ரோபோவுக்கு ஏன் சொல்லவில்லை? எதிரணித் தோழர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.