வாயுள்ள பிள்ளையும் பூட்டிய வாசிகசாலையும்

(கிளிநொச்சிப் பக்கத்துச் சனசமூக நிலையங்களுக்கிடையில் நடந்த பொது அறிவுப் போட்டியின் பரிசளிப்பில் பேசியதை, ஓரளவு திருத்தி எழுதியது.)

தலைவர் அவர்களே, முதன்மை விருந்தினராக வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, பிரதேச சபைத் தவிசாளர் ஐயா அவர்களே, வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கிராம அலுவலர்களே, அதிபர்களே, கமக்காரர் அமைப்பின் பெரியவர்களே, மாதர் சங்கத்துச் சகோதரிகளே, பந்தல் போட்ட தம்பிமாரே, இன்னும் தேத்தண்ணீர் கிடைக்காமல் பின்வரிசையில் இருப்பவர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

செயலாளர் அம்மாவுக்கு நான்கு மணிக்கு இன்னொரு கூட்டம் இருக்கிறதாம். அப்படியிருந்தும் இந்த வெயிலில் வந்திருக்கிறார். அவருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். தவிசாளர் ஐயாவுக்கும் நன்றி. அவரிடம் கேட்பதற்கு எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதுவரை அவர் எழும்பிப் போகாமல் பார்த்துக்கொள்வது தலைவரின் பொறுப்பு.

வினாடி வினா நம் கல்விக்கு என்ன செய்கிறது, பொழுதுபோக்காக என்ன செய்கிறது, ஊருக்குள் சனங்களின் உறவுக்கு என்ன செய்கிறது. இந்த மூன்றைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். வணக்கம் சொல்லியே இரண்டு நிமிடம் போய்விட்டது.

எனக்குப் பிடித்த பழமொழி ஒன்று இருக்கிறது. என்னோடு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டால், அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனோம் என்பார்கள். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.' வாய்க்கால் தண்ணீர் வரவில்லையென்றால் வாய் திறந்து கேட்கிற கமக்காரனின் வயலுக்குத்தான் முதலில் தண்ணீர் போகும். வாயை மூடிக்கொண்டு வரம்பில் குந்தியிருப்பவனுக்குக் கடைசியில் மிஞ்சியதுதான். திணைக்களத்தில் இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

கேள்வி கேட்டு விளையாடுவது தொலைக்காட்சியோடு வந்த பழக்கம் என்று பிள்ளைகள் நினைக்கக் கூடாது. பாண்டவர்கள் காட்டிலிருந்தபோது தண்ணீர் தேடிப் பொய்கைக்கரைக்குப் போனார்கள். என் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் குடி என்றான் யட்சன். நான்கு தம்பிமாரும் கேட்கவில்லை, குடித்தார்கள், விழுந்தார்கள். தருமர் மட்டும் நின்று பதில் சொன்னார். காற்றைவிட வேகமானது எது? மனம். இப்படி ஒவ்வொன்றாக. கடைசியில் தம்பிமார் உயிரோடு எழும்பினார்கள். குளக்கட்டில் நடந்த போட்டி அது, ஆகவே எங்கள் திணைக்களத்தைச் சேர்ந்தது. பரிசும் பெரிய பரிசு. இன்றைக்கு மேசையில் இருக்கிற சுவர்க் கடிகாரம் அதற்குக் கிட்டவும் வராது, அன்பளிப்புச் செய்த வர்த்தகர் கோபிக்கக் கூடாது.

நாங்கள் சின்ன வயதில் நெல்வயலுக்குக் காவலுக்குப் போவோம். யானையும் பன்றியும் வரும். பரணில் நித்திரை கொள்ளக் கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் நொடி, அதுதான் விடுகதை, போடுவார்கள். 'அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு, அது என்ன?' (சபையில்: நெல்!) பார்த்தீர்களா, முன்வரிசை அதிகாரிகள் யோசிக்க, பின்வரிசை அம்மா சொல்லிவிட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். தொல்காப்பியர் இதைப் பிசி என்று இலக்கியத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

வெளிநாட்டுக் கதையும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பிபிசி 1972இல் மாஸ்டர்மைண்ட் என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. இருட்டு அறை, ஒரு கறுப்புக் கதிரை, மேலேயிருந்து ஒரு வெளிச்சம், எதிரே கேள்வி கேட்பவர். அதை உருவாக்கிய பில் ரைட் என்பவர் இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் இருந்து, ஜெர்மானியரிடம் பிடிபட்டு விசாரிக்கப்பட்டவர். அந்த விசாரணை அறையைத்தான் அவர் விளையாட்டாக மாற்றினார். இதை முதன்முதலாக வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெயர் என்ன, ஊர் எது, எங்கே போகிறாய், ஏன் போகிறாய், பையில் என்ன? வன்னிச் சனம் இந்தப் போட்டியில் எத்தனை சுற்று விளையாடியிருக்கிறது! மணியும் கிடையாது, பரிசும் கிடையாது. சரி, அதை விடுவோம், மேடையில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இனிக் கல்விக்கு வருகிறேன். பெற்றோர் கவனமாகக் கேளுங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று பிள்ளையை விடிய ஒரு ரியூசன், பின்னேரம் ஒரு ரியூசன் என்று ஏற்றி இறக்குகிறீர்கள். பிள்ளை கொப்பியைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். பிறகு சிலர் அதையே திரும்ப வாசித்தார்கள். சிலர் திரும்ப வாசிக்காமல், நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்ப வாசித்தவர்கள்தான் கெட்டி. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் கதை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு நூற்றுக்கு 56 அளவில் நினைவு. திரும்ப வாசித்தவர்களுக்கு 42. தலைக்குள் போட்டதை வெளியே இழுத்து எடுக்கும்போதுதான் அது ஊன்றுகிறது. ஆகவே பிள்ளை வாசித்து முடித்ததும் புத்தகத்தை வாங்கி மூடிவிட்டுக் கேளுங்கள். உங்களுக்கு விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு அது தெரிய வேண்டியதில்லை.

ஆனால் என்ன கேட்பது? இங்கேதான் எனக்கு ஒரு மனவருத்தம். இன்று காலைச் சுற்றில் கிளிநொச்சி எப்போது தனி மாவட்டமானது என்று கேட்டார்கள். 1984 என்று மணி அடிக்கும் முன்னரே பதில் வந்தது. கட்டுக்கரைக்குளம் எங்கே? மன்னார். நல்லது. இரணைமடுக் குளத்துக்கு எந்த ஆற்றால் தண்ணீர் வருகிறது? கனகராயன் ஆறு. கைதட்டினோம். அந்த ஆறு கடைசியில் எங்கே போய் விழுகிறது என்று கேட்டபோது மண்டபமே அமைதி. சுண்டிக்குளம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்து இருக்கிற மண்டபம்!

அதற்காகத்தான் ஒரு கதையைச் சொல்ல வேண்டும். 2003, சமாதான காலம். பாதை திறந்து, சனம் ஆறுதலாக மூச்சுவிட்ட நேரம். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் இரவு பொது அறிவுப் போட்டி. நடுவர் வெளியூரிலிருந்து வந்த ஒரு வாத்தியார், கண்ணாடி போட்டவர், கண்டிப்பானவர். எனக்கு மணி அடிக்கிற வேலை. அது கோயில் கைமணி. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் இரண்டு ஆச்சிமார் பூசை என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

வெள்ளைக்காரரோடு சண்டை பிடித்த வன்னி மன்னனைப் பற்றிக் கேள்வி வந்தது. 'பண்டாரவன்னியன் இறந்த ஆண்டு எது?' ஒரு பெடியன் துள்ளி எழும்பினான்: '1803!' 'சரி, பத்துப் புள்ளி' என்றார் நடுவர். நான் மணியை அடித்தேன், ஆச்சிமார் கும்பிட்டார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு அப்பு பொல்லை ஊன்றிக்கொண்டு எழும்பினார். 'வாத்தியார், கற்சிலைமடுவிலே அந்தச் சண்டையின் நினைவுக் கல் நிற்கிறது. வாசிச்சனீரோ?'

நடுவர் தன் தாளைத் தூக்கிக் காட்டினார். 'விடைத்தாளில் 1803 என்று இருக்கிறது, ஐயா.'

'தாளை நீர் வைச்சிரும். கல்லிலே என்ன இருக்கு?'

பிறகென்ன, சபை இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பக்கம், 'அவர் அந்தச் சண்டையிலேயே இறந்தவர்.' மற்றப் பக்கம், 'இல்லை, தப்பிக் காட்டுக்குள்ளே போனவர்.' வில்லிசைக்காரர் வந்து மேடைக்குப் பக்கத்தில் காத்திருக்கிறார். ஒருவரும் கவனிக்கவில்லை. நடுவருக்கு வியர்க்கிறது. கடலைக்காரி வியாபாரத்தை விட்டுவிட்டு, தன் பேரனார் சொன்னது என்று ஒரு கதை சொல்கிறா. கடைசியில் கோயில் தலைவர், 'விடியட்டும், கல்லைப் போய்ப் பார்ப்போம்' என்று தீர்ப்புச் சொன்னார்.

விடிந்தது. உண்மையாகவே போனார்கள்! லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் பெடியள், அப்பு, கோயில் தலைவர், கண்ணாடி வாத்தியார், நான், கடலைக்காரியும் கூட. கிறவல் பாதை. ஒவ்வொரு கிடங்கிலும் வாத்தியார் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். அங்கே போய், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரு பெட்டையைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தினோம். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். இந்த இடத்துக்குக் கிட்ட, கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்டோபர் 31. அவ்வளவுதான். தோல்வி இருக்கிறது. சாவு இல்லை. அப்பு ஒன்றும் பேசவில்லை, பொல்லால் கல்லை இரண்டு தட்டுத் தட்டினார். நடுவர் பேனையை எடுத்துப் புள்ளியை வெட்டினார். பெடியன் அழத் தொடங்கினான். அப்பு அவனுக்குக் கடலை வாங்கிக் கொடுத்தார். கடலைக்காரி பெட்டியோடுதான் வந்திருந்தா.

ஒரு கேள்வியால் ஒரு ஊரே உழவு இயந்திரம் ஏறியது. எந்தப் பாடப்புத்தகம் அதைச் செய்யும்? அந்த அப்பு பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றேனே, எழுபது வயதிலும் அவர் பிள்ளைதான்.

கதை அதோடு முடியவில்லை. பிற்பகல் எல்லோரும் ஊருக்குத் திரும்பி வந்தோம். கல் சொல்வது வெள்ளைக்காரனின் கதை, வேறு புத்தகங்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம் என்றாள் அந்தப் பெட்டை. நல்ல யோசனை. வாசிகசாலைக்குப் போனோம். பூட்டு! வாசிகசாலைச் செயலாளரிடம் திறப்பு, அவர் வவுனியாவில். அந்தக் கேள்வி அன்றைக்கு அந்தப் படியிலேயே நின்றுவிட்டது.

பிறகு எத்தனையோ நடந்தது. ஊரே இல்லாமல் போய், திரும்ப வந்தோம். கட்டிடங்கள் வந்தன. அனேகமாக ஒவ்வொரு கிராமத்திலும் சனசமூக நிலையம் இருக்கிறது. ஓடு போட்டு, வர்ணம் பூசி, கட்டித் தந்தவர்களின் பெயர்ப்பலகையும் மாட்டி. உள்ளே அலுமாரி இருக்கிறது. அலுமாரிக்குள் புத்தகம் இருக்கிறது. வெளியே பூட்டு இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து 97,000 நூல்கள் அழிந்ததை ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். நினைவுகூரத்தான் வேண்டும். எரியாமல் மிஞ்சிய புத்தகங்களை நாங்களே பூட்டி வைத்திருக்கிறோமே, அதற்கு எந்தக் கூட்டத்தில் பேசுவது? அதனால்தான் இந்தக் கூட்டத்தில் பேசுகிறேன்.

தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்த தலைமுறை இந்தச் சபையில் இருக்கிறது. பற்றரி இல்லாமல், ஒருவர் சைக்கிளை மிதித்து டைனமோவைச் சுற்ற, மற்றவர்கள் சூழ்ந்திருந்து வானொலி கேட்டோம். வெளிச்சமில்லாத காலத்தில் வாசித்தோம். இன்றைக்கு மின்சாரம் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, ஐந்து மணிக்கு மேல் வாசிகசாலை இருட்டு. பெடியள் மதகில் இருந்து கைபேசியில் வினாடி வினா விளையாடுகிறார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. கனடாவிலிருக்கும் பேத்தி வட்சப்பில் கேள்வி அனுப்ப, இங்கே அம்மம்மா பதில் அனுப்புகிற வீடு எனக்குத் தெரியும். அது பொழுதுபோக்கு பற்றிய இரண்டாவது விடயம். அதை இவ்வளவோடு விடுகிறேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கைபேசி விளையாட்டில் ஒரு குறை மட்டும் சொல்லலாம். பிழை என்று சிவப்பு நிறம் காட்டும், அடுத்த கேள்விக்குப் போய்விடும். எழும்பி நின்று, கல்லை வாசித்தாயா என்று கேட்க அங்கே அப்பு கிடையாது.

என் கோரிக்கை சின்னது. கிழமையில் மூன்று நாள், பின்னேரம் ஐந்து தொடக்கம் எட்டு மணி வரை வாசிகசாலை திறந்திருக்க வேண்டும். இரண்டு பத்திரிகை. ஒரு அகராதி, ஒரு தேசப்படம். ஒரு பெரிய கொப்பி, நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஊரிலுள்ள எவரும் அதில் கேள்வி எழுதலாம். எங்கள் குளத்தில் தண்ணீர் திறந்துவிடும் துருசு எப்போது கட்டியது? வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கு எரிப்பதற்கு எந்தக் கரையில் தீர்த்தம் எடுக்கிறார்கள்? யார் முதலில் இந்தக் காட்டை வெட்டிக் குடியேறியது? விடையைத் தெரிந்தவர் எழுதட்டும், மறுப்பவர் பக்கத்தில் எழுதட்டும். அடுத்த ஆண்டுப் போட்டிக்கு வினாத்தாள் அந்தக் கொப்பியிலிருந்து வரட்டும். கொழும்பிலிருந்து வருகிற பொது அறிவுப் புத்தகம் பாதிக்குப் போதும்.

திறக்க ஆள் வேண்டும் என்பீர்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு சின்னக் கொடுப்பனவு கொடுத்தால் போதும். கமக்காரர் அமைப்புத் தலைவர் சிறுபோக அறுவடைக்குப் பிறகு பார்ப்போம் என்று என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். இப்போது எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன், இனி மாற முடியாது.

மூன்றாவது விடயமான சமூக உறவுக்கு நேரமில்லை. லாண்ட்மாஸ்டர் பெட்டியில் எல்லாம் ஏறி வந்ததே, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, தவிசாளர் ஐயாவுக்கு நான் வைத்திருந்த கேள்வி. இந்த மண்டபத்துக்குப் பக்கத்தில், நான்கு யார் தள்ளி, பச்சை வர்ணம் பூசிய வாசிகசாலை ஒன்று இருக்கிறது. பேச வருமுன் போய்ப் பார்த்தேன், பூட்டியிருக்கிறது. அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது? முப்பது செக்கன் தருகிறேன். தெரியாவிட்டால் கேள்வி செயலாளர் அம்மாவுக்குப் போகும். அவருக்கும் தெரியாவிட்டால் சபைக்குப் போகும்.

தம்பி, மணியை அடி.